என் கோட்டையை இழந்த கதை: பழக்கச் செயலி ஒன்றோடு 11 மாதம்

தினப் பழக்கங்களைக் கணக்கு வைக்கும் செயலி ஒன்றை ஜனவரி 1 காலையில், எல்லோரையும் போல நானும் வருடச் சந்தா கட்டி வாங்கினேன். இப்போது டிசம்பர் ஆரம்பம். இந்த மாதிரிச் செயலிகளுக்கு வாங்கிய வேகத்தில் முதல் வாரமே ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம், அவர்கள் எழுதியதைப் படித்துத்தான் நானும் விழுந்தேன், அதனால் ஆற அமர ஒரு வருடம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். பெயர் வேண்டாம். இதே வேலைக்கு இன்னும் இரண்டு மூன்றை இறக்கிப் பார்த்தேன், நிறம்தான் வேறு, உள்ளே ஒரே சரக்கு.

திறந்ததும் முதல் திரை, "இந்த ஆண்டு நீங்கள் யாராக மாறப் போகிறீர்கள்?" என்று கேட்கிறது. முந்தின இரவு லேட்டாகத் தூங்கி எழுந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? கீழே பழக்கங்களின் நீளமான பட்டியல், தொட்டால் போதும், சேர்ந்துவிடும். நடை, இருபது பக்கம் வாசிப்பு, பதினொரு மணிக்குள் படுக்கை, நாட்குறிப்பு, படுக்கையில் கைப்பேசி கூடாது என்று தொட்டுக்கொண்டே போய் ஒன்பது சேர்த்துவிட்டேன். ஒன்பதாவது என்னவென்று இப்போது நினைவுகூட இல்லை, நன்றியுணர்வு என்று ஏதோ. "ஒன்பதா, தாங்குமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "பிரமாதம், இன்னும் சேர்க்கலாமே" என்றுதான் சொன்னது.

அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் இளைஞராக இருந்தபோது இதே வேலையை ஒரு சின்ன நோட்டில் செய்திருக்கிறார். மொத்தம் 13 நற்குணங்கள், வாரத்தின் ஏழு நாளுக்கு ஏழு கட்டம், தவறிய இடத்தில் மட்டும் ஒரு கறுப்புப் புள்ளி. ஆனால் பதின்மூன்றையும் அவர் ஒரே நேரத்தில் இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு வாரத்துக்கு ஒரு குணத்தின் மேல்தான் முழுக் கண்ணும், மற்றவை அதன் போக்கில் கிடக்கும், 13 வாரத்தில் ஒரு சுற்று, வருடத்துக்கு நாலு சுற்று. அப்படியும் ஒழுங்கு என்கிற ஒன்று மட்டும் தன்னைப் படாதபாடு படுத்தியதாகச் சுயசரிதையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்கே அந்தக் கதி என்றால் நான் ஒன்பதோடு இறங்கியது சுத்தப் பேராசை, அதில் பாதிப் பழி என்னுடையது. மீதி அந்தத் திரைக்கு.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் செயலியின் உயிரே 'ஸ்ட்ரீக்' என்கிற எண்ணில் இருக்கிறது, அதாவது ஒரு பழக்கத்தை விடாமல் எத்தனை நாள் செய்தோம் என்ற கணக்கு. பக்கத்தில் ஒரு தீச்சுடர் படம், நாள் ஏற ஏறச் சுடர் பெரிதாகும். மொழியைத் தமிழுக்கு மாற்றியிருந்தேன், அதில் ஸ்ட்ரீக்கை 'கோடு' என்று பெயர்த்து வைத்திருக்கிறார்கள். ஒன்பதில் ஐந்து ஜனவரியிலேயே உதிர்ந்துவிட, நடை மட்டும் கம்பீரமாக நின்றது. 43 நாள். பிப்ரவரி 13 அன்று காய்ச்சலில் எழுந்திருக்க முடியவில்லை. மறுநாள் காலை போனை எடுத்தால் திரையில் இப்படி இருக்கிறது: "நீங்கள் உங்கள் கோட்டை இழந்துவிட்டீர்கள்."

கோட்டை! படையெடுப்பு எதுவும் நடந்த மாதிரித் தெரியவில்லை, ஒரு காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தேன், அவ்வளவுதான். சிரித்தேன், ஆனால் உண்மையில் வலித்தது. சுடர் சாம்பல் நிறமாகி, பக்கத்தில் பெரிய எழுத்தில் 0. அதற்குப் பிறகு 19 நாள் நான் நடக்கவே இல்லை. காய்ச்சல் மூன்று நாளில் போய்விட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வெட்கம்தான். அந்த 43 நாளில் இரண்டு நாள் பொய். ஒருநாள் இரவு 11:52, விளக்கெல்லாம் அணைத்தாயிற்று, போர்வைக்குள் போனை முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு, நடக்காத நடையை நடந்ததாகக் கட்டை விரலால் அமுக்குகிறேன், திரை முழுக்க வண்ணக் காகிதத் துண்டுகள் கொட்டுகின்றன, "அருமை!" என்கிறது. படுக்கையில் கைப்பேசி கூடாது என்ற பழக்கத்துக்கும் அன்றைக்கு ஏற்கெனவே டிக் போட்டிருந்தேன் என்பதை இங்கே சேர்த்துப் படித்துக்கொள்ளவும்.

ஒருநாள் விட்டால் எல்லாமே போய்விடுமா? இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவரோடு சேர்ந்தவர்களும் 96 பேரை 84 நாள் கவனித்தார்கள், தினமும் ஏதாவது ஒரு சின்ன வேலையை ஒரே சூழலில் செய்யச் சொல்லி. 2010இல் அச்சான அந்த ஆய்வின்படி, ஒரு செயல் யோசிக்காமலே நடக்கிற அளவுக்குக் கைவர நடுவாந்திரமாக 66 நாள் ஆகிறது, ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறுகிறது (84 நாளைத் தாண்டியது, அதுவரை பார்த்ததை வைத்துப் போட்ட கணக்கு). நடுவில் ஒரு தடவை தவறினால் பழக்கம் படிவதில் சொல்லும்படியான பாதிப்பு இல்லை. அதாவது என் 43 நாள் எங்கேயும் போய்விடவில்லை, காலில்தான் இருந்தது. அதை 0 என்று காட்டியது செயலி, நம்பியது நான்.

இதே செயலி 21ஆம் நாள் ஒரு பதக்கம் கொடுத்து, "வாழ்த்துகள், பழக்கம் உருவாகிவிட்டது" என்கிறது பாருங்கள், அது இன்னும் மோசம். 21 நாள் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினால் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரிடம் போய் நிற்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று தான் கவனித்ததை அவர் 1960இல் எழுதினார். 'குறைந்தது' என்ற சொல் போகிற வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

கெட்ட பழக்கத்தை விடுவதற்கென்று தனிப் பிரிவு உண்டு, அது வடிவமைப்பிலேயே கோளாறு. ஒன்றைச் செய்யாமல் இருந்ததற்கு எத்தனை மணிக்கு டிக் போடுவது? மாலை ஆறு மணிக்குப் போட்டால் இரவு பாக்கி இருக்கிறது, தூங்கும் முன் போடலாம் என்றால் மறந்து தூங்கிவிடுவேன், காலையில் எழுந்தால் கோட்டை காலி. ஸ்வீடனில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்து 2020இல் வெளியான ஆய்வு ஒன்றில், புதிதாக ஒன்றைச் செய்வேன் என்று தீர்மானித்தவர்களில் 58.9 சதவீதம் பேரும், ஒன்றை விடுவேன் அல்லது தவிர்ப்பேன் என்றவர்களில் 47.1 சதவீதம் பேரும் வருடக் கடைசியில் வெற்றி என்று சொன்னார்கள். எனவே அந்தப் பிரிவை மூடிவிட்டு, 'படுக்கையில் கைப்பேசி கூடாது' என்பதை 'பத்தரைக்குக் கைப்பேசியை அடுத்த அறையில் சார்ஜில் போடு' என்று மாற்றிக்கொண்டேன். செய்தேனா இல்லையா என்பது போடும்போதே தெரிந்துவிடும், குழப்பமில்லை.

நல்லதும் ஒன்று இருக்கிறது, அதைத்தான் இவர்கள் மூன்று திரைக்கு உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பழக்கத்துக்கும் 'எதற்குப் பிறகு?' என்று ஒரு சின்னக் கட்டம். அதில் 'பல் துலக்கியதும்' என்று எழுதினேன். அதற்கு முன் தினமும் ஆறு மணிக்கு மணி அடிக்கும், நான் பாத்ரூமில் இருப்பேன், வெளியே வந்து அறிவிப்பைத் தள்ளிவிட்டு வேறு எதையோ பார்க்க ஆரம்பிப்பேன். பல் துலக்கினேனா, ஷூ மாட்டு என்று ஆனதும் மணியே தேவைப்படவில்லை, பிரஷை வைத்ததும் கால் தானாகச் செருப்பு ஸ்டாண்டுப் பக்கம் போக ஆரம்பித்தது. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலிருந்து சொல்லிவருவதும் இதுதான், 'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே இடமும் நேரமும் முடிச்சுப் போட்டு வைத்தால் செய்து முடிக்கிற வாய்ப்பு கூடுகிறது. இதை முதல் திரையில் வைத்துவிட்டு அந்த 'யாராக மாறப் போகிறீர்கள்' தத்துவத்தை உள்ளே தள்ளியிருந்தால் இன்னொரு நட்சத்திரம் சேர்த்துப் போட்டிருப்பேன்.

வாடிக்கையாளர் சேவை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜூனில் நேர மண்டலம் தாண்டிப் பயணம் போனபோது, ஒழுங்காகச் செய்த நாளையே செய்யாத நாளாகக் காட்டியது. எழுதிக் கேட்டேன், நாலு நாள் கழித்து வந்த பதிலில், காசு கட்டினால் 'கோட்டை மீட்கலாம்' என்று ஒரு சுட்டி. தங்கள் பிழையால் உடைந்ததை ஒட்டவைக்க என்னிடமே வசூல்.

புத்தாண்டுத் தீர்மானமே வீண் என்று யாராவது இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம். அமெரிக்காவில் 2002இல் வெளியான ஆய்வில், தீர்மானம் எடுத்தவர்களில் 46 சதவீதம் பேர் ஆறு மாதம் கழித்தும் தாக்குப்பிடிப்பதாகச் சொன்னார்கள். மாற வேண்டும் என்ற ஆசை இருந்தும் தீர்மானம் எடுக்காதவர்களில் 4 சதவீதம்தான். எனக்கும் நடை நிலைத்துவிட்டது, வாசிப்பு இருபது பக்கத்திலிருந்து ஐந்துக்கு இறங்கி அங்கே நிற்கிறது. அமைப்புகளில் 'கோட்டை மறை' என்று ஒரு பொத்தான் இருப்பதை ஏப்ரலில்தான் கண்டுபிடித்தேன், அதை அழுத்திய பிறகு, இந்த வாரம் எத்தனை நாள் என்ற எண்ணிக்கை மட்டும் தெரிகிறது, 7க்கு 5 என்றால் நிம்மதியாக இருக்கிறது.

ஐந்துக்கு இரண்டரை. வாங்கியே தீருவேன் என்கிறவர்கள் மாதச் சந்தாவில் தொடங்குங்கள், இரண்டு பழக்கத்துக்கு மேல் சேர்க்காதீர்கள், முதல் வேலையாக அந்தச் சுடரை மறையுங்கள். அப்புறம், செயலியை போனிலிருந்து நீக்கினால் சந்தா நின்றுவிடாது, நீங்கள் வாங்கிய ஆப் ஸ்டோரின் சந்தாப் பக்கத்துக்குப் போய்த்தான் நிறுத்த வேண்டும். எனக்கு ஜனவரி 1 அன்று தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். நிறுத்த மறக்காமல் இருக்க 28ஆம் தேதியை வட்டம் போட்டு வைத்திருக்கிறேன், சுவரில் தொங்கும் காலண்டரில்.