ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மனியின் ஜனநாயக ஆட்சியான வைமார் குடியரசை வீழ்த்தியது அவசர ஆணையா, அதிகாரமளிப்புச் சட்டமா?

1933 மார்ச் 23 அன்று நிறைவேறிய அதிகாரமளிப்புச் சட்டத்தையே பலரும் சுட்டுவார்கள். நாடாளுமன்றம் இல்லாமலே சட்டம் இயற்றும் உரிமையை அது ஹிட்லர் அமைச்சரவைக்குத் தந்தது. ஆதரவு 444, எதிர்ப்பு 94. எதிர்த்தவர்கள் அனைவரும் சமூக ஜனநாயகக் கட்சியினர்.

என் பார்வையில் அதைவிடக் கொடியது பிப்ரவரி 28 அவசர ஆணை. நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த மறுநாளே, நெருக்கடிக்கால அதிகாரம் தரும் அரசியலமைப்பின் 48-ஆவது பிரிவைக் காட்டி, குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் கையெழுத்திட்டார். பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம், கூட்டம் கூடும் உரிமை எல்லாம் ஒரே கையெழுத்தில் பறிபோயின. கடிதங்களைப் பிரிக்கலாம், தொலைபேசியை ஒட்டுக்கேட்கலாம், விசாரணையின்றிச் சிறையில் அடைக்கலாம். மார்ச் வாக்கெடுப்புக்குக் கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் 81 பேரில் ஒருவர்கூட வர முடியாமல் போனதற்கும் இந்த ஒடுக்குமுறையே காரணம். சட்டத்துக்கு நான்காண்டுக் கெடுவாவது எழுதப்பட்டிருந்தது. ஆணைக்கு அதுவும் இல்லை. ஹிட்லர் ஆட்சி ஒழியும்வரை அது விலக்கப்படவே இல்லை.