டேனரி மண்ணில் இரண்டு வருடம்: 3.5 கோர் 50 ஸ்கொயர் ஆர்மர்டு கேபிள்

வாலாஜாவுக்குப் பக்கத்தில் ஒரு டேனரியில் (தோல் பதனிடும் ஆலையில்) எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். இரண்டு வருடம் முன்பு மெயின் பேனலில் இருந்து டிரம் ஷெட்டுக்கு 3.5 கோர், 50 ஸ்கொயர் எம்எம் அலுமினியம் ஆர்மர்டு கேபிள் 90 மீட்டர் இழுத்தோம். 3.5 கோர் என்றால் உள்ளே மூன்று முழுக் கடத்தி, நியூட்ரலுக்கு ஒரு பாதிக் கடத்தி. ஆர்மர் என்பது வெளி உறைக்குக் கீழே இருக்கும் உலோகக் கவசம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர் பக்கம் இதே மாதிரி ஷெட்டுகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உதவும்.

டிரம் என்றது தோலைப் போட்டுச் சுற்றும் டிரம். அங்கே தரை எந்நேரமும் ஈரம். உப்புத் தோலில் இருந்து வடியும் தண்ணீர், சுண்ணாம்பு, சல்ஃபைடு எல்லாம் கலந்து கால்வாயில் ஓடும். பழைய கேபிள் அந்தக் கால்வாய் ஓரம்தான் போனது. கால்வாயை அகலப்படுத்த வந்தவர்கள் கடப்பாரை போட்டதில் வெளி உறையில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் விழுந்தது. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை, மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள். ஐப்பசி மழையில் எர்த் லீக்கேஜ் ரிலே (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்க வைக்கும் கருவி) டிரிப் ஆக ஆரம்பித்தது. தோண்டிப் பார்த்தால், கீறலுக்கு இரண்டு பக்கமும் முழ நீளத்துக்கு இரும்புப் பட்டை பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே இருந்த கோர் வரைக்கும் தண்ணீர் ஏறியிருந்தது. ஆர்மர் இருக்கிறது, கேபிளுக்கு ஒன்றும் ஆகாது என்று நானும் நம்பியிருந்தவன்தான். அடியைத்தான் ஆர்மர் தாங்கும். உப்புத் தண்ணீரை வெளி உறைதான் தடுக்க வேண்டும்.

புதுக் கேபிளை வேலூரில் காட்பாடி ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். அளவைச் சொன்னதும் கடைக்காரர் விலை சொல்லவில்லை. "எங்கண்ணே போடப் போறீங்க? மண்ணுலயா, டிரேலயா?" என்று கேட்டார். டிரே என்றால் கேபிளைப் படுக்க வைத்துத் தாங்கும் தட்டு. அப்புறம் உள்ளே போய் இரண்டு துண்டு கேபிளைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். ஒன்று ஏ2எக்ஸ்எஃப்ஒய், இன்னொன்று ஏ2எக்ஸ்டபிள்யூஒய். இந்த எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும். முதலில் ஏ இருந்தால் அலுமினியம், இல்லாவிட்டால் காப்பர். 2எக்ஸ் என்பது கோர் மேல் இருக்கும் எக்ஸ்எல்பிஇ, ஒரு வகை பிளாஸ்டிக் இன்சுலேஷன். அந்த இடத்தில் ஒய் வந்தால் பிவிசி. எஃப் என்றால் பட்டை ஆர்மர், டபிள்யூ என்றால் கம்பி ஆர்மர். கடைசி ஒய் வெளியே தெரியும் பிவிசி உறை. பழைய கேபிளில் இருந்தது ஏஒய்எஃப்ஒய், அதாவது பிவிசி, பட்டை.

பட்டையா, கம்பியா என்பதில்தான் ரொம்ப நேரம் நின்றேன். துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் பட்டை 4 மில்லிமீட்டர் அகலம், 0.8 மில்லிமீட்டர் கனம். கம்பி அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். துரு பிடித்தால் எது முதலில் அறுந்து போகும் என்று யோசிக்கவே வேண்டாம். செங்குத்தாகத் தொங்க விடும் இடத்திலும், இழுவை வரும் இடத்திலும் கம்பிதான் சரி. பட்டை எடை குறைவு, விலையும் குறைவு, அதனால் பெரிய சைஸ் எல்லாம் கடையில் பட்டையாகவே கிடைக்கிறது. கம்பி வேண்டும் என்றால் ஒரு வாரம் ஆகும் என்றார். காத்திருந்து கம்பியே வாங்கினேன். அந்த ஒரு வாரத்துக்கு முதலாளியிடம் பேச்சு வாங்கினாலும் இன்றைக்கும் அதையேதான் செய்வேன்.

எக்ஸ்எல்பிஇ எடுத்ததற்குக் காரணம் நம்ம ஊர் வெயில். பிவிசி இன்சுலேஷன் 70 டிகிரி வரைதான், எக்ஸ்எல்பிஇ 90 டிகிரி வரை தாங்கும். கேட்லாக்கில் போடும் ஆம்பியர் கணக்கு காற்றில் 40 டிகிரி, மண்ணில் 30 டிகிரி என்று வைத்துப் போட்டது. அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் வெளியிலேயே 40 தாண்டுகிறது, தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் டிரேயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே கேட்லாக் ஆம்பியரை அப்படியே நம்பி லோடு போடாதீர்கள், குறைத்துப் போடுங்கள்.

கேபிள் வந்ததும் உறையில் அச்சடித்திருப்பதைப் படித்தேன். 1100 வோல்ட், ஐஎஸ் 7098 பாகம் 1 (எக்ஸ்எல்பிஇ கேபிளுக்கான இந்தியத் தரநிலை), ஐஎஸ்ஐ முத்திரை, அதற்குக் கீழே சிஎம்/எல் எண். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் லைசென்ஸ் யாருடையது என்று வந்துவிடும். மீட்டருக்கு மீட்டர் ஓடும் எண்ணைக் கழித்துப் பார்த்தேன், 90 சரியாக இருந்தது.

கிளாண்ட் (கேபிள் பேனலுக்குள் நுழையும் இடத்தில் அதைக் கவ்வும் பிடி) போடும் வேலையை விட்டுவிட்டு இந்தக் கேபிளைப் பற்றிப் பேச முடியாது. டிரம் ஷெட்டில் பழைய ஒப்பந்தக்காரர் சிங்கிள் கம்ப்ரெஷன் கிளாண்ட் போட்டிருந்தார். சல்ஃபைடு காற்றில் பித்தளை கறுத்து, ஈரம் உள்ளே போய் ஆர்மர் நுனியெல்லாம் துரு. இந்த முறை நிக்கல் பூசிய டபுள் கம்ப்ரெஷன் போட்டோம். அது ஆர்மரைத் தனியாகவும் வெளி உறையைத் தனியாகவும் கவ்வும். கம்பிகளை விரித்து கிளாண்டுக்குள் இருக்கும் கோன் மேல் ஒவ்வொன்றாகப் படிய வைக்கும்போதே வித்தியாசம் தெரிந்தது. பட்டையாக இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், கையையும் அறுக்கும். கம்பி வட்டமாக அழகாக உட்கார்ந்தது. ஆர்மரை இரண்டு முனையிலும் எர்த் செய்தோம். அது போதும் என்று விடாமல் ஜிஐ பட்டை தனியாகவும் ஓட்டினோம். அலுமினியக் கோர் பேனலின் காப்பர் பஸ்பாரில் சேரும் இடத்தில் பைமெட்டல் லக் (அலுமினியமும் காப்பரும் சேர்ந்த இணைப்பு முனை).

மண்ணில் முக்கால் மீட்டர் ஆழம், கீழேயும் மேலேயும் மணல், அதன் மேல் செங்கல். கால்வாய் ஓரத்தை விட்டு வழியையே மாற்றிவிட்டோம். ஒரு குறை சொல்ல வேண்டும் என்றால் இது வளையாது. வெளி விட்டம் சுமார் 30 மில்லிமீட்டர், அதில் 12 மடங்கு ஆரமாவது விட வேண்டும். பேனலுக்குக் கீழே குழி சின்னதாக இருந்ததால் அதை உடைத்துப் பெரிதாக்க ஒரு நாள் போயிற்று. வாங்கும் முன்பே குழியை அளந்துகொள்ளுங்கள்.

இரண்டு ஐப்பசி தாண்டிவிட்டது. ரிலே ஒரு முறைகூட டிரிப் ஆகவில்லை. போன மாதம் கிளாண்டைக் கழற்றிப் பார்த்தேன், கம்பியில் துத்தநாகப் பூச்சு இன்னும் அப்படியே மங்கலான வெள்ளையாக இருக்கிறது.

ஜென்செட்டுக்கு சிங்கிள் கோர் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஏசி லைனில் தனிக் கோருக்கு இரும்பு ஆர்மர் ஆகாது, ஆர்மரே சூடாகும். அலுமினியக் கம்பி ஆர்மர் என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அடுத்து கழிவுநீர்த் தொட்டி பம்புகளுக்கு 4 கோர் 4 ஸ்கொயர் காப்பர் வாங்கப் போகிறேன். அந்தச் சின்ன சைஸில் பட்டை ஆர்மர் வருவதில்லை, கம்பி மட்டும்தான். அதே கடைக்குத்தான் போகிறேன்.