ராத்திரி பத்து மணிக்கு மேல் போனை எடுக்கும் கம்ப்யூட்டர்: காமடோர் 64, பிபிசி மைக்ரோ, 386 மூன்றில் எது தேறும்?

போன வருஷக் கடைசியில், மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில், ஒரு வேண்டாத ஆசை வந்தது. வீட்டு லேண்ட்லைனில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை மாட்டி அசல் டயல்-அப் பிபிஎஸ் நடத்த வேண்டும். இணையத்துக்கு முந்தைய புல்லட்டின் போர்டுதான். வெளியிலிருந்து ஒருவர் போன் போடுவார், நம் மோடம் (கம்ப்யூட்டர் தகவலைப் போன் ஒலியாக மாற்றும் பெட்டி) எடுத்து அவருடைய மோடத்தோடு கீச்சுக்கீச்சென்று பேசி முடித்ததும் அவர் திரையில் ஒரு மெனு வரும். கடிதம் படிக்கலாம், பதில் எழுதலாம், ஃபைல் இறக்கலாம். அவர் போனை வைக்கிறவரை மற்றவர்களுக்கு எங்கேஜ்டு டோன். 1978 ஜனவரியில் பனிப்புயல் சிகாகோவை முடக்கிப் போட்டபோது வார்டு கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் கட்ட ஆரம்பித்து பிப்ரவரி 16 அன்று திறந்ததுதான் முதல் பிபிஎஸ். அவர்களுக்குப் பனி, எனக்கு வேளச்சேரித் தண்ணீர்.

கையில் மூன்று மெஷின் சேர்ந்தது. சிங்கப்பூரிலிருந்து மாமா எப்போதோ கொண்டுவந்து பரணில் போட்ட காமடோர் 64. ஒரு பள்ளிக்கூடம் கழித்துக் கட்டியபோது தெரிந்தவர் வழியாக வந்த பிபிசி மைக்ரோ. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய போர்டுகளைக் குவித்து வைத்திருக்கும் ஒரு மாடிக் கடையில் பேரம் பேசி எடுத்த 386 பிசி போர்டு. மூன்றிலும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

முதலில் நானும் எல்லோரையும் போல ராம் எவ்வளவு, பிராசஸர் என்ன வேகம் என்றுதான் பார்த்தேன். அது வீண் வேலை. கூப்பிடுகிறவர் ஒரே ஒருவர், அவரும் விரலால் தட்டுகிறவர், அதற்கு 1 மெகாஹெர்ட்ஸே தாராளம். கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. போனை வைத்துவிட்டார் என்பது மெஷினுக்குத் தெரியுமா? டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் தட்டுவது அதன் காதில் விழுமா?

காமடோரில் இருந்து வருவோம். 1982ல் வந்தது, 64 கேபி, பின்னால் யூசர் போர்ட் என்று ஒரு விளிம்பு. அதில் இருப்பது 5 வோல்ட் சிக்னல், மோடத்துக்கு வேண்டிய ஆர்எஸ்-232 என்ற இணைப்பின் மின் அளவு இல்லை, நடுவில் ஒரு சின்ன கன்வெர்ட்டர் போர்டு வேண்டும். மேக்ஸ்232 சிப், நாலைந்து கெப்பாசிட்டர், ஒரு சாயங்கால வேலை. கேரியர், அதாவது எதிர்முனை மோடத்தின் ஒலி, இருக்கிறதா என்று சொல்லும் கம்பி அந்தப் போர்ட்டில் உண்டு, ஆகவே முதல் கேள்விக்கு பாஸ். இரண்டாவதில்தான் சறுக்கல். இதற்குள் சீரியலுக்கென்று (மோடத்தோடு பிட் பிட்டாகப் பேசும் இணைப்புக்கென்று) தனிச் சிப் கிடையாது, ஒவ்வொரு பிட்டையும் பிராசஸரே நேரம் பார்த்துப் பொறுக்குகிறது. டிஸ்க் டிரைவோடு பேசுவதும் அதே பிராசஸர், அதே மாதிரி. இரண்டையும் ஒரே சமயத்தில் செய்ய முடியாது, டிஸ்க் ஓடும்போது வந்த எழுத்து போனது போனதுதான். காமடோரின் 1541 டிஸ்க் டிரைவோ, நொடிக்குச் சுமார் 400 பைட் தரும் மாட்டுவண்டி. அதனால்தான் அந்தக் கால காமடோர் பிபிஎஸ்களில் ஏதாவது செய்தால் சட்டென்று எல்லாம் நின்று, இரண்டு மூச்சு விட்டு, அப்புறம் தொடரும். ஃபைல் இறக்கும்போது மட்டும் இது உறுத்தவில்லை, ஏனென்றால் 1977ல் அதே கிறிஸ்டென்சன் எழுதிய எக்ஸ்மோடம் என்ற ஃபைல் அனுப்பும் முறை 128 பைட் அனுப்பிவிட்டு "வந்ததா?" என்று பதிலுக்குக் காத்திருக்கும் வகை, அந்த இடைவெளியில் டிஸ்க்கைப் பார்த்துக்கொள்ளலாம். வேகத்தை 2400 பாட்டோடு, அதாவது நொடிக்கு 2400 பிட்டோடு, நிறுத்திக்கொள்ளுங்கள். (பாட் என்று எழுதுவது தப்பு என்று பொறியாளர்கள் சண்டைக்கு வருவார்கள், ஆனால் நொடிக்கு இத்தனை பிட் என்பதை ஆங்கிலத்தில் சுருக்கி பிபிஎஸ் என்று போட்டால் எது வேகம் எது போர்டு என்று எனக்கே குழம்புகிறது.) தனிச் சீரியல் சிப்போடு ஸ்விஃப்ட்லிங்க் என்ற கார்ட்ரிட்ஜ் இருந்தது, அது கிடைத்தால் கதையே வேறு. இங்கே கிடைக்காது.

இன்னொன்று, காமடோரின் பழைய பவர் அடாப்டரை நம்பாதீர்கள். உள்ளே ரெகுலேட்டர் கெட்டால் 5 வோல்ட் மேலே ஏறி ராம் சிப்பைக் கொன்றுவிடும். கத்திரி வெயிலில் பிசின் கொட்டி மூடிய அந்தச் செங்கல்லை இருபத்துநாலு மணி நேரம் செருகி வைப்பது விஷப்பரீட்சை. புது சப்ளை கட்டிக்கொள்வதுதான் உத்தமம்.

பிபிசி மைக்ரோ நேர் எதிர். நம் ஊருக்கு இது அந்நியமும் இல்லை. 1984ல் பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்பிக்க ஆரம்பித்த கிளாஸ் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்த மெஷின் இதுதான், அப்புறம் மொஹாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் இதையே யூனிகார்ன் என்ற பெயரில் செய்தது. சீரியலுக்குத் தனிச் சிப், வந்த எழுத்தைத் தேக்கி வைக்க 256 பைட் பஃபர், வேகம் 19200 வரை. டிஸ்க் ஓடினாலும் காது திறந்தே இருக்கும். எனக்குப் பிடித்துப்போனது இன்னொன்று: ஸ்டார் எஃப்எக்ஸ் 2,1 என்று அடித்தால் கீபோர்டுக்குப் பதில் சீரியல் வழியாக உள்ளீடு வரும், ஸ்டார் எஃப்எக்ஸ் 3,1 என்றால் திரையில் வருவதெல்லாம் சீரியலிலும் போகும். அவ்வளவுதான். பேசிக் மொழியில் நீங்கள் எழுதிய எந்தப் புரோகிராமும் அந்த நிமிஷமே பிபிஎஸ். முதல் நாள் இரண்டு மணி நேரத்தில் மெனு, கடிதப் பெட்டி எல்லாம் எழுதி முடித்து நங்கநல்லூர் நண்பனைக் கூப்பிடச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் செல்போனில் சிரிக்கிறான். "மச்சான், எஸ்கேப் அடிச்சேன், உன் பேசிக் பிராம்ப்ட் வந்துடுச்சு. லிஸ்ட் அடிச்சேன், பாஸ்வேர்டு மொத்தமும் ஓடுதுடா." சீரியலில் வருவதைக் கீபோர்டு மாதிரியே எடுத்துக்கொள்ளச் சொல்லி ஸ்டார் எஃப்எக்ஸ் 181,0 போட்டிருந்தேன், அதில் எஸ்கேப்பும் அடங்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஸ்டார் எஃப்எக்ஸ் 229,1 போட்டு எஸ்கேப்பை முடக்க வேண்டும். போட்டேன்.

ஆனால் முதல் கேள்வியில் பிபிசி ஃபெயில். அந்த ஐந்து ஊசி சாக்கெட்டில் வாங்க ஒன்று, கொடுக்க ஒன்று, கிரவுண்ட், அனுப்பலாமா நிறுத்தலாமா என்று சொல்லும் ஆர்டிஎஸ், சிடிஎஸ், முடிந்தது கணக்கு. கேரியர் கம்பிக்கு இடமே இல்லை. கூப்பிட்டவர் பாதியில் போனை வைத்தால் மெஷின் அவர் இன்னும் இருக்கிறார் என்று நினைத்து உட்கார்ந்திருக்கும், அடுத்து கூப்பிடுகிறவர் நேராக முந்தையவர் கணக்கிலேயே போய் விழுவார். ஒருவர் எழுந்த நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்து அவர் இலையிலேயே சாப்பிடுகிற மாதிரி. மோடம் அனுப்பும் "நோ கேரியர்" என்ற வரியைப் புரோகிராம் தேடிக்கொண்டே இருக்கலாம், அல்லது மோடத்தின் கேரியர் கம்பியைத் தனியாக இழுத்து, மட்டத்தைக் குறைத்து, அடியில் இருக்கும் யூசர் போர்ட்டில் கொடுக்கலாம். நான் இரண்டாவதைச் செய்தேன், வேலை செய்கிறது.

டிஸ்க்கிலும் ஒரு குணக்கேடு. டிஎஃப்எஸ் என்ற இதன் டிஸ்க் முறையில் டிஸ்க்கின் ஒரு பக்கத்துக்கு 31 ஃபைல்தான், ஒவ்வொரு ஃபைலும் இடைவெளி இல்லாமல் ஒரே துண்டாக இருந்தாக வேண்டும். கடிதங்கள் சேரச் சேர ஃபைல் வளரப் பார்க்கும், பின்னாலேயே இன்னொரு ஃபைல் இடிக்கும், "கான்ட் எக்ஸ்டெண்ட்" என்று படுத்துவிடும். முதலிலேயே பெரிய ஃபைல் ஒன்றை உருவாக்கி அதற்குள் மாற்றி மாற்றி எழுதுவதுதான் வழி. பவர் சப்ளையில் இருக்கும் மஞ்சள் நிற ரிஃபா கெப்பாசிட்டரை முதல் நாளே கழற்றிப் புதுசு போடுங்கள். நான் போடவில்லை. ஒரு ராத்திரி டப் என்று வெடித்து வீடு முழுக்கப் புகை. அம்மா எழுந்து வந்து முதலில் கேட்டது "கேஸா?" என்று.

386 பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுதான் அதன் பெருமை. ஒன்பது ஊசி சீரியலில் கேரியர், கம்ப்யூட்டர் தயார் என்று மோடத்துக்குச் சொல்லும் டிடிஆர் எல்லாம் இருக்கிறது, டிடிஆரை இறக்கினாலே மோடம் போனை வைத்துவிடும். சீரியல் கார்டில் 16550ஏ சிப் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள், அதில் 16 பைட் வரிசை இருப்பதால் டிஸ்க் ஓடும்போதும் எழுத்து தவறாது. பழைய 8250 என்றால் ஒரு பைட்டுக்குத்தான் இடம். ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் ஒரு காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டு, டாஸ், சீரியலைப் பார்த்துக்கொள்ள ஃபாஸில் டிரைவர், மேலே ரிமோட்ஆக்சஸ் மாதிரி ஒரு பிபிஎஸ் மென்பொருள். எல்லாம் ஏற்கெனவே எழுதி வைத்தவை, நாம் பேசிக்கில் மல்லுக்கட்ட வேண்டாம். சிலவற்றுக்கு 2000க்கு அப்புறம் வருஷம் சரியாக வராது, போகட்டும். போர்டில் உள்ள நீல பீப்பாய் பேட்டரி ஒழுகிப் பச்சை பிடித்திருக்கிறதா என்று கடையிலேயே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கடல் காற்று ஊரில் அது பாதி போர்டைத் தின்றிருக்கும். மானிட்டர் இல்லாமல் என்னுடையது சுமார் 50 வாட் இழுக்கிறது. நாள் முழுக்க ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 72 யூனிட், இலவச 100 யூனிட்டில் முக்கால்வாசி அதற்கே போய்விடும்.

தமிழ்? இதிலும் 386தான். யூனிகோடில் "வணக்கம்" 21 பைட், 300 பாட்டில் அந்த ஒரு சொல் வரவே முக்கால் நொடி. டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டில் 5 பைட்டோடு முடிந்துவிடும், விஜிஏ திரை கார்டின் எழுத்துருவை மாற்றிப் போட்டால் திரையிலும் வரும். காமடோரிலும் எழுத்துருவை மாற்றலாம், ஆனால் மேல் வரிசைக் குறிகளில் பல நிறம் மாற்றுவதற்கும் கர்சர் நகர்த்துவதற்கும் போய்விட்டன, ஒரு எழுத்து வரவேண்டிய இடத்தில் அடுத்து வருவதெல்லாம் பச்சையாகிவிடும். பிபிசியின் டெலிடெக்ஸ்ட் திரையில் எழுத்துகள் சிப்புக்குள்ளேயே எரிக்கப்பட்டவை, கை வைக்க முடியாது. அதில் நாங்கள் தங்கிலீஷில்தான் எழுதினோம்.

மெஷினைவிடத் தலைவலி லைன்தான். காப்பர் லைன் இருக்கிறவர்கள் புண்ணியவான்கள். என் வீட்டில் ஃபைபர், அதன் பெட்டியில் இருந்து வரும் போன் உண்மையில் துண்டு துண்டாகப் போகும் குரல், ஒரு துண்டு தாமதித்தால் மோடம் நிலைகுலைந்துவிடும். குரலை அதிகம் சுருக்காத ஜி.711 என்ற முறை இருந்தால் ஓடும், நன்றாகச் சுருக்கும் ஜி.729 என்றால் மோடத்துக்கு வெறும் இரைச்சல்தான். செல்போனில் இருந்து மோடம் வைத்துக் கூப்பிடலாமா என்று கேட்காதீர்கள், முடியாது. 56கே மோடம் இரண்டு வைத்தாலும் வீட்டுக்கு வீடு 33.6க்கு மேல் போகாது, ஃபைபரில் நான் 9600லேயே பூட்டி வைத்துவிட்டேன், அதற்கப்புறம் அறுந்து போவது அபூர்வம். லைனே இல்லாதவர்களுக்கு சாதாரணப் போனை இணையத்தோடு சேர்க்கும் ஏடிஏ பெட்டி, இரண்டு போன் சாக்கெட் உள்ளது, ஒன்று போதும், ஹால் மெஷினில் இருந்து ரூம் மெஷினைக் கூப்பிடலாம், டயல் டோனும் கீச்சலும் அசல்தான். இஎஸ்பி8266 சிப் வைத்த வைஃபை மோடம் மலிவு, ஆனால் அது போன் இல்லை, டெல்நெட் என்ற இணைய இணைப்புக்கு மோடம் வேஷம். தவிர நம் வீட்டு இணைப்புகள் பலவும் பல வீடுகள் பகிரும் ஐபி முகவரியில் இருப்பதால் வெளியில் இருந்து உள்ளே வர ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்துச் சுற்றி வர வேண்டும். கீச்சல் இல்லாத பிபிஎஸ் எனக்கு உப்பில்லாத ரசம்.

வீட்டு நம்பர் ஒன்றுதான் என்பதால் போர்டு ராத்திரி 10 முதல் காலை 6 வரை. முதல் வாரம் மோடத்தை அணைக்க மறந்து, காலையில் சித்தி போன் போட்டிருக்கிறாள். "யாரோ காதுலயே விசில் அடிக்கிறான்டா, போலீஸ்ல சொல்லு" என்றாள். இப்போது டைமர் பிளக் போட்டாயிற்று.

போனை எடுப்பது 386. பிபிசியை விற்கவில்லை, புதுப் புரோகிராம் எழுத ஆசை வந்தால் அதைத்தான் எடுக்கிறேன். காமடோரை நங்கநல்லூர்க்காரன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அதில் இருந்துதான் கூப்பிடுகிறான், போன சனிக்கிழமை கூட 11.40க்கு வந்தான். டிஸ்க்கில் சேமிக்கும்போது நான் அடிப்பது பாதிப் பாதியாக வருகிறதாம், என் போர்டில் ஏதோ கோளாறு என்கிறான்.