கான்ட்ராஸ்ட்டா, அடுக்கு முறையா?

பிரிட்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அப்புறம் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். வார்ஹேமர் என்ற மேசைப் போர் விளையாட்டின் சிறு பொம்மைகளுக்கு வண்ணம் தீட்ட இதைவிட நல்ல பருவம் இல்லை.

பழைய வழி அடுக்கு முறை: முதலில் அடிநிறம், பிறகு பள்ளங்களில் இறங்கும் ஷேட் என்ற நீர்த்த அடர்நிறம், அதன்மேல் மேடுகளில் வெளிர் நிறம். நேரம் பிடிக்கும். ஆனால் ஓரிடத்தில் கை தவறினால் அடுத்த பூச்சு அதை மூடிவிடும்.

வார்ஹேமரைத் தயாரிக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் 2019இல் கொண்டுவந்த கான்ட்ராஸ்ட் பெயிண்ட் வேறு மாதிரி. வெளிர் பிரைமரின் (வண்ணம் ஒட்டுவதற்கான முதல் பூச்சு) மேல் ஒரே பூச்சுதான். மேடுகளில் மெலிந்து, பள்ளங்களில் தேங்கி, நிழலும் வெளிச்சமும் தானாகவே வந்துவிடும். ஓநாய் ரோமத்தில் பூசிப் பாருங்கள், ஒவ்வொரு கற்றையும் தனியாகத் தெரியும்! அகலமான மேலங்கியில்தான் சிக்கல். அங்கே திட்டுத் திட்டாக நின்றுவிடும்; ஈரம் காய்வதற்குள் தூரிகை நுனியால் உறிஞ்சி எடுக்க வேண்டும். காய்ந்துவிட்டால் அந்த இடத்தில் மறுபடி வெளிர் நிறம் பூசித்தான் ஆரம்பிக்க முடியும்.

ஆர்க் என்ற பச்சை அரக்க வீரர்கள் முப்பது பேரை குளிர்காலத்துக்குள் முடிக்க நினைத்தால் யோசிக்காமல் கான்ட்ராஸ்ட் எடுங்கள். அவர்களின் தலைவனுக்கு மட்டும் அடுக்கு முறை. முகத்துக்கு அந்த உழைப்பு தகும்.

இரண்டுக்கும் பிரைமர் வேண்டும். இலையுதிர்கால ஈரக்காற்றில் ஸ்ப்ரே அடித்தால் மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடலாம். மழை நாளில் தூரிகையால் பூசும் பிரைமரே நல்லது.