கல்முளையா, தேக்கா, கடல் சேறா?

ஆய்வுப் படிப்பின் முதல் ஆண்டில் என் மேசைமேல் மூன்று பொருள்கள் கிடந்தன. தேக்கு மரத்தின் வட்டத் துண்டு ஒன்று. அரபிக்கடலின் அடியிலிருந்து வந்து உலர்ந்துபோன சேறு. நெடுக்காக அறுத்து மெருகேற்றிய ஒரு கல்முளை. குகைக் கூரையிலிருந்து தொங்குவது கல்விழுது. சொட்டும் நீர் விழுந்த இடத்தில் தரையிலிருந்து மேல்நோக்கி வளர்வது கல்முளை. மூன்றுமே பழைய பருவமழைக்குச் சாட்சிகள். ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றார் நெறியாளர். கல்முளையை எடுத்தேன். தேன் நிற அடுக்குகள் கண்ணைப் பறித்தன என்பதைத் தவிர அன்றைக்கு வேறு காரணம் இல்லை. இன்று கேட்டாலும் அதையேதான் எடுப்பேன், ஆனால் காரணம் வேறு.

எல்லோரும் முதலில் கேட்பது, எது அதிகக் காலம் பின்னோக்கிப் போகிறது என்பதுதான். அதில் பெரிய விவாதம் இல்லை. தென்னிந்தியத் தேக்கு நன்றாகப் போனால் ஐந்நூறு ஆண்டு. கடல் சேறு பத்து லட்சம் ஆண்டுகளையும் தாண்டும். கல்முளை நடுவில்: சீனக் குகைகளின் கல்முளைகளை ஒன்றோடொன்று ஒட்டிச் சேர்த்து 6,40,000 ஆண்டுகளுக்கான தொடரை 2016இல் வெளியிட்டார்கள். நீளம்தான் வேண்டும் என்றால் கடலுக்குப் போய்விடலாம்.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்வது நீளம் அல்ல, கடிகாரம். மழை குறைந்தது என்று சொல்வது எளிது. எப்போது குறைந்தது, அதைச் சொல்வதில் எத்தனை ஆண்டு பிசகலாம் என்று கேட்டால்தான் சாட்சியின் தரம் தெரியும்.

கல்முளையின் கடிகாரம் ஒரு வேதியியல் தற்செயலால் கிடைத்தது. மண்ணைத் துளைத்து இறங்கும் மழைநீரில் யுரேனியம் எளிதில் கரையும், தோரியம் கரையாது. எனவே சொட்டு நீரிலிருந்து கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் படியும்போது யுரேனியம் மட்டும் உள்ளே போகிறது. அதன்பின் யுரேனியம்-234 மெல்லச் சிதைந்து தோரியம்-230 ஆகிறது. அந்த அடுக்கில் இன்று இருக்கும் தோரியம் அத்தனையும் அங்கேயே பிறந்தது என்பதால், இரண்டின் விகிதத்தை அளந்தால் அடுக்கின் வயது வந்துவிடும். தோரியம்-230இன் அரை ஆயுள் சுமார் 75,600 ஆண்டு. இந்த முறை ஏறத்தாழ ஆறு லட்சம் ஆண்டுவரை எட்டுகிறது. சுத்தமான கால்சைட்டாக இருந்தால், சில ஆயிரம் ஆண்டு வயதுள்ள அடுக்கைச் சில பத்தாண்டுப் பிசகுக்குள் சொல்லிவிடலாம்.

"சுத்தமான" என்ற சொல்லை நான் படித்த விதம் வேறு. முதல் மாதிரியை மெல்லிய பழுப்புக் கோட்டுக்கு மிக அருகில் துளைத்துவிட்டேன். அந்தக் கோடு களிமண். களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு வெளித் தோரியமும் வந்துவிடும். கடிகாரம் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது என்ற அடிப்படையே போய்விடும். வெளித் தோரியத்தின் அடையாளமான தோரியம்-232 எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துத் திருத்தலாம். எனக்கு அப்படித் திருத்தி வந்த விடை: மூவாயிரம் ஆண்டு, கூடவோ குறையவோ எழுநூறு. சோழர் காலமா சங்க காலமா என்று கேட்டவனுக்கு இரண்டில் ஒன்றாக இருக்கலாம் என்று சொல்வதைப் போல. தவறு என்னுடையது, கல்லுடையது அல்ல.

கடல் சேற்றில் இந்தப் பிசகு பொருளின் இயல்பிலேயே இருக்கிறது. அங்கே கடைசி 50,000 ஆண்டுகளுக்குப் பெரும்பாலும் கார்பன்-14, அதாவது காலப்போக்கில் சிதைந்து குறையும் கதிரியக்கக் கார்பன்தான் கடிகாரம். கடலின் மேல்நீர் காற்றைவிடப் பழைய கார்பனைச் சுமக்கிறது. அதனால் அதில் வளர்ந்த உயிரின் ஓடு உண்மையைவிடச் சுமார் 400 ஆண்டு மூப்பாகத் தெரியும். கழித்துக்கொள்ளலாமே என்றால், அரபிக்கடலில் தென்மேற்குப் பருவக்காற்று ஆழ்நீரை மேலே இழுக்கிறது. காற்று வலுத்தால் இன்னும் பழைய கார்பன் மேலே வரும். அதாவது நாம் அளக்க வந்த பருவக்காற்றே நம் கடிகாரத்தில் கை வைக்கிறது. எடைக்கல்லை எடை போடப்படும் பொருளே மாற்றிக்கொண்டிருந்தால் கடை நடத்த முடியுமா?

இதைவிட வலுவான ஒரு சான்றும் உண்டு. காற்றுமண்டலத்தில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. எனவே அந்தக் கடிகாரத்தையே வேறொன்றோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். மர வளையங்கள் எட்டாத பழங்காலத்துக்கு அப்படி ஒப்பிட உதவிய முக்கியமான பொருள், நான்ஜிங் அருகிலுள்ள ஹுலு குகையின் கல்முளை. அதன் அடுக்குகளை இரண்டு முறையிலும் அளந்து 54,000 ஆண்டுவரைக்குமான ஒப்பீட்டை 2018இல் வெளியிட்டார்கள். கடல் சேற்றுக்காரர்களும் கடைசியில் மணி கேட்க வருவது குகைக்குத்தான். விருந்துகளில் இதைச் சொல்லித்தான் அவர்களைச் சீண்டுவேன்.

கடல் சேற்றுக்கு நியாயம் செய்ய ஒன்று சொல்ல வேண்டும். அதிலுள்ள குளோபிஜெரினா புல்லாய்டஸ் என்ற நுண்ணுயிரின் ஓடுகள், ஆழ்நீர் மேலெழும்போது பெருகுபவை; ஓமான் கரையோரச் சேற்றில் அவற்றை எண்ணியே பருவக்காற்றின் வரலாற்றை எழுதியிருக்கிறார்கள். அருமையான வேலை. ஆனால் அது காற்றின் வரலாறு. காற்று பலமாக அடித்த காலமெல்லாம் மழை பலமாகப் பெய்த காலம்தானா என்பது தனி வழக்கு.

தேக்கைப் பற்றி அளந்துதான் பேச வேண்டும். நான் வளையம் எண்ணியது ஒரே ஒரு மாதம். ஆண்டைத் துல்லியமாகச் சொல்வதில் மரத்தை எதுவும் வெல்ல முடியாது. பல மரங்களின் வளையங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதால் பிசகு பூஜ்யம். ஆசியப் பருவமழை நிலங்களின் 327 மரவளையத் தொடர்களைக் கொண்டு எழுநூறு ஆண்டு வறட்சிகளை வரைபடமாக்கி 2010இல் வெளியிட்டார்கள். தாது வருஷப் பஞ்சத்தின்போது எந்த நிலம் எவ்வளவு காய்ந்தது என்பது உங்கள் கேள்வி என்றால், குகைக்கு வராதீர்கள், மரத்திடம் போங்கள். என் கல்முளை ஓராண்டில் வளர்ந்தது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஒரு துளைப்பில் பல ஆண்டுகள் கலந்துவிடும். மரத்தின் சிக்கல், வயதாக ஆக வளையம் தானாகவே குறுகுவது. அந்தச் சரிவை நீக்கும்போது, நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல நடந்த மாற்றமும் கூடவே போய்விடக்கூடும்.

கல்முளைக்குச் சாதகமாக இவ்வளவு சொன்னபின் அதன் பலவீனத்தை மறைப்பது நேர்மையல்ல. எப்போது என்பதை அது நன்றாகச் சொல்லும். என்ன என்பதில் தடுமாறும். நாங்கள் அளப்பது மழையை அல்ல, ஆக்சிஜன்-18க்கும் ஆக்சிஜன்-16க்கும் உள்ள விகிதத்தை. மேகம் கொட்டக் கொட்டக் கனமான ஆக்சிஜன்-18 முதலில் இறங்கிவிடும், மிஞ்சுவது இலேசாகும். எனவே இலேசான அடுக்கு என்றால் நல்ல மழை என்று பாடம் சொல்லும். மேகாலயாவின் சோஹ்ராவில் (சிரபுஞ்சி) மழைநீரையே சேகரித்துப் பார்த்தபோது, பருவத்தின் பிற்பகுதி மழை முற்பகுதியைவிட இலேசாக இருந்தது. எவ்வளவு பெய்தது என்பதைவிட, நீர் எங்கிருந்து எந்த வழியாக வந்தது என்பதற்கு அங்கே எடை அதிகம். ஆகவே "மழை முப்பது விழுக்காடு குறைந்தது" என்று யாராவது ஒரே கல்முளையை வைத்துச் சொன்னால் நான் எழுந்து கேள்வி கேட்பேன்.

அதே சோஹ்ராவின் மாம்லு குகையில் எடுத்த ஒரு கல்முளைதான், சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கும் மேகாலயக் காலம் என்ற புவியியல் காலப்பிரிவின் எல்லைக் குறியாக 2018இல் ஏற்கப்பட்டது. அந்த எல்லைக்கு அருகே வயது அளந்த புள்ளிகள் போதாது என்ற விமர்சனம் உடனே எழுந்தது. அதே குகையின் வேறு கல்முளைகளை நெருக்கமாக அளந்தவர்கள், ஒரே அடியில் நிகழ்ந்த சரிவுக்குப் பதிலாக அடுத்தடுத்து வந்த வறட்சிகளைக் கண்டார்கள். கடிகாரம் நல்லதாக இருந்தாலும் அடிக்கடி பார்த்தால்தான் பயன். அப்படிப் பார்க்கச் செலவு கூடுதல். ஒவ்வொரு புள்ளிக்கும் வேதிப் பிரிப்பு, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் நிறைமாலைமானியில் வரிசை, பல மாதக் காத்திருப்பு.

இன்னொரு செலவும் உண்டு. மரத்தில் பென்சில் தடிமனில் ஒரு குச்சியை உருவி எடுத்தால் மரம் பிழைத்துக்கொள்ளும். கல்முளையை எடுத்தால் அந்த இடம் மொட்டைதான். ஏற்கெனவே முறிந்து கிடந்ததை மட்டுமே எடுப்பது என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். மேல்பக்கத்தின் வயது அதனால் பல நேரம் தெரியாமல் போகும், பரவாயில்லை.

கடைசியாக, சொந்த ஊர்க்காரர்கள் கேட்கும் கேள்வி: தமிழ்நாட்டுப் பழைய மழைக்கு எது? இங்கேதான் என் தேர்வு கைவிடுகிறது. நம் நிலத்தின் பெரும்பகுதி கருங்கல். கல்முளை வளரச் சுண்ணாம்புக் குகை வேண்டும், அதற்கு ஆந்திரத்தின் போரா, பேலம் பக்கம் போக வேண்டும். நம்மிடம் இருப்பது நீலகிரிச் சதுப்புகளின் பீட், அதாவது முழுதும் மட்காமல் சேர்ந்த செடிச் சேறு. அதன் கார்பன் ஐசோடோப்புகளிலிருந்து (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள வடிவங்கள்) 20,000 ஆண்டு ஈரத்தையும் வறட்சியையும் 1993லேயே படித்துக் காட்டியிருக்கிறார்கள். கடிகாரம், மேலே நான் குறை சொன்ன அதே கார்பன்-14. நிலத்துச் செடி காற்றிலிருந்தே கார்பனை எடுப்பதால் அந்த 400 ஆண்டுத் தொல்லை இங்கே இல்லை. அடுத்த கோடையில் ஊட்டிக்குப் போவதாக இருக்கிறேன். கடல் சேற்று நண்பர்களிடம் இன்னும் சொல்லவில்லை.