பவர் வீடரா, பிரஷ் கட்டரா? ஒரு தென்னந்தோப்புக் கணக்கு

ஆனைமலைப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் தென்னை. 25 அடி இடைவெளி, வட்டப்பாத்தி, சொட்டுநீர். களைக்கொத்து பிடிக்க ஆள் கிடைப்பதில்லை. மண்ணைக் கிளறிக் களையைப் புரட்டும் பவர் வீடரா, களையைத் தரைக்கு மேலே வெட்டும் பிரஷ் கட்டரா என்று ஆறு மாதம் மண்டை காய்ந்த பிறகு, முதுகில் மாட்டும் பிரஷ் கட்டர்தான் வாங்கினேன்.

வேகமும் விலையும் தெரிந்த கதை. வீடர் வேகம், விலை அதிகம், வேளாண் பொறியியல் துறையில் மானியம் உண்டு. கட்டர் மலிவு, சாயங்காலம் முதுகு வலிக்கும்.

என்னை முடிவெடுக்க வைத்தது கோரைக் களை. பக்கத்துத் தோட்டத்து மாமாவின் வீடரை வாடகைக்கு எடுத்து ஒரு ஏக்கர் ஓட்டிப் பார்த்தேன். அன்றைக்குத் தோப்பு மாவு சலித்த மாதிரி இருந்தது. சரி, இதுதான் என்று நினைத்தேன். ஆடிச் சாரல் விழுந்து பதினைந்து நாளில், திட்டுத் திட்டாக இருந்த கோரை ஏக்கர் முழுக்கப் பரவி நின்றது. ஒரு கொத்தைப் பிடுங்கினால், நூலில் கோத்த மணிபோல வரிசையாகக் கருப்புக் கிழங்குகள். சங்கிலியாக இருக்கும்வரை அவற்றில் பல தூங்கும். வீடரின் கத்தி சங்கிலியை அறுத்தால் ஒவ்வொன்றும் தனியாக முளைக்கும். அருகம்புல்லும் அப்படித்தான், ஒரு கணு மிஞ்சினால் போதும். மாமாவிடம் போய்ச் சொன்னேன்.

"ஏனுங் மாப்பிள்ளை, வண்டி நடவும் சேர்த்துப் போட்டிருக்குது, அதுக்கும் கூலி குடுங்க" என்று சிரிக்கிறார்.

கட்டரும் கோரையைக் கொல்லாது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கிழங்கைக் கிளறாது. வெட்டியது மூடாக்காக அங்கேயே கிடக்கும், மாட்டுக்கு வேண்டுமென்றால் மண் ஒட்டாத புல். வீடரில் இன்னொரு தொல்லை, சொட்டுநீர் டியூப். அச்சில் சுற்றிக்கொண்டால் குப்புறப் படுத்து அரிவாளால் அறுத்தெடுக்க அரை மணி நேரம்.

கட்டரின் வம்பு வேறு. இளங்கன்றின் தண்டில் இரும்பு பிளேடு பட்டால், அந்தக் காயத்து வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். இரண்டு கன்றில் பட்டுவிட்டது. அதிலிருந்து கன்றைச் சுற்றி மூன்று அடிக்குக் களைக்கொத்துதான். கல் தெறிக்கும், கண்ணாடி இல்லாமல் இறங்காதீர்கள். என்னுடையது 4 ஸ்ட்ரோக் இன்ஜின், பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலை இல்லை. 2 ஸ்ட்ரோக் வைத்திருக்கும் மச்சான் ஒருநாள் பெட்ரோலில் ஆயில் கலக்க மறந்து, பிஸ்டன் பிடித்துக்கொண்டது.

மஞ்சள், மரவள்ளிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நான் அவற்றைப் பயிரிட்டதில்லை. கோரை இல்லாத நிலத்தில், விதையில் முளைக்கும் களை மட்டும் என்றால், வரிசைக்கு நடுவில் வீடர்தான் சரியென்று படுகிறது.

எங்கள் தோப்பில் வீடர் ஓடிய அந்த ஒரு ஏக்கரை மட்டும், மற்ற இரண்டைவிட வருடத்துக்கு இரண்டு தடவை கூடுதலாக வெட்ட வேண்டியிருக்கிறது.