முன்வழியா, பின்வழியா: அம்மாவின் இடுப்பு மூட்டுக்கு நாங்கள் போட்ட கணக்கு

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் என்று முடிவானதும் எல்லோரும் செராமிக்கா, மெட்டலா, எந்தக் கம்பெனி என்றுதான் விசாரிக்கிறார்கள். கத்தி எந்தப் பக்கமிருந்து போகிறது என்பதையும் கேட்க வேண்டும். அம்மாவுக்கு நாங்கள் பின்வழிக்குத்தான் சம்மதித்தோம். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

போஸ்டீரியர் எனப்படும் பின்வழியில், பிட்டத் தசையை விலக்கி உள்ளே போய், மூட்டுக்குப் பின்னால் உள்ள சின்னத் தசைகளை அறுத்து, வேலை முடிந்ததும் திரும்பத் தைக்கிறார்கள். ஆன்டீரியர் எனப்படும் முன்வழியில், தொடையின் முன்புறம் இரண்டு தசைகளுக்கு நடுவே நுழைகிறார்கள். பெரிதாக எதையும் அறுப்பதில்லை. அதனால் முதல் சில வாரம் வலி குறைவு, வாக்கரையும் சீக்கிரம் ஓரங்கட்டலாம். ஆனால் சில மாதங்கள் போனால் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கிறார்கள்.

சரி, எங்கள் முடிவுக்குக் காரணம் தொடை எலும்பு. முன்வழியில், செயற்கை மூட்டின் கிண்ணத்தை இடுப்பெலும்பில் பொருத்துவது அவ்வளவு கஷ்டமில்லை. அதன் இன்னொரு பாகமான தண்டைத் தொடை எலும்புக்குள் இறக்குவதுதான் சிரமம். காலைப் பின்னுக்குத் தாழ்த்தி, பாதம் வெளியே பார்க்கும்படி திருப்பி, எலும்பின் மேல்முனையைத் தூக்கிப் பிடித்தால்தான் வேலை செய்ய இடம் கிடைக்கும். சில ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே தனி மேஜை வைத்திருக்கிறார்கள். எழுபதைத் தாண்டி, தேய்ந்து மெலிந்துபோன எலும்பு அந்த இழுப்பில் விரிசல் விடலாம். விட்டால், பின்வழியில் அதே வெட்டைக் கீழே நீட்டிச் சரிசெய்யலாம். முன்வழியில் அது அத்தனை லேசல்ல. தொப்பை மடிப்பு விழும் இடத்தில் புண் ஆறுவதும் தாமதமாகும். போதாததற்கு, முன்வழியில் கை படிய ஒரு டாக்டருக்கு 50 முதல் 100 ஆபரேஷன் ஆகும் என்பார்கள். எங்கள் டாக்டர் பின்வழியில் பழுத்தவர், முன்வழியை அப்போதுதான் தொடங்கியிருந்தார். அம்மாவை வைத்து அவர் பழக வேண்டாம் என்று தோன்றியது.

பின்வழிக்கும் விலை உண்டு: மூட்டு நழுவும் பயம். மூட்டைச் சுற்றியிருக்கும் உறையையும் அறுத்த தசையையும் சேர்த்துத் தைக்கும் பழக்கம் வந்தபின் அது வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, தூங்கும்போது கால்களுக்கு நடுவே தலையணை. கமோடுக்கு மேல் உயரமான இருக்கை மாட்டினோம். அதெல்லாம் பழகிவிட்டது. பூண்டு உரிக்கும்போது ஒரு பல் கீழே விழுந்தால் போதும், அம்மாவின் கை தானாகக் கீழே போகும். யாராவது கத்த வேண்டும். பகலில் துணைக்கு ஆளில்லாத வீடென்றால் என் கணக்கே மாறியிருக்கும்.

முன்வழியில் செய்துகொண்டவர்களில் ஒருவரைத்தான் எனக்கு நெருக்கமாகத் தெரியும். சொந்தக்காரர், நாற்பதுகளில் இருப்பவர், ஒல்லி உடம்பு, கெட்டியான எலும்பு. டாக்டரும் வாரந்தோறும் அதையே செய்பவர். சீக்கிரமே வேலைக்குப் போய்விட்டார். தொடையின் வெளிப்பக்கம் மட்டும் இன்னும் மரத்திருக்கிறதாம். வெட்டுக்குப் பக்கத்திலேயே தோல் நரம்பு ஓடுவதால் இது அடிக்கடி வருவதுதான். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்த வயதும் அந்த டாக்டரும் வாய்த்தால் நானும் முன்வழியைத்தான் கேட்பேன்.